வெள்ளைப் பலகை வண்டியும் காலனி நிறுத்தமும்

திருவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் உள்ள ஏதாவது ஒரு விலக்கில் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள். தூக்குவாளியும் கட்டைப்பையுமாகப் பெண்கள் நிற்பார்கள். நூற்பாலைக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பணி செய்கிறவர்கள், டவுனில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், சுகர் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிய வயதானவர்கள். யார் எந்தத் தெரு என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்து வண்டிக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் காலனிப் பெண்கள்தான். ஊருக்குள் இருப்பவர்களிடம் மோட்டார் பைக் இருக்கிறது. காலனியிலும் இப்போது பைக் உண்டு. ஆனால் அதை ஆண்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்தப் பெண்களுக்கு 2021 மே 8 முதல் சாதாரண கட்டண நகரப் பேருந்தில், மக்கள் சொல்லும் வெள்ளைப் பலகை வண்டியில், கட்டணம் இல்லை. பிறகு திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் துணைக்கு வருபவருக்கும் இச்சலுகை நீட்டிக்கப்பட்டது. 2024-ல் மலைப்பகுதிகளுக்கும் போனது. மாநிலம் முழுவதும் சராசரியாக நாளொன்றுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடக்கின்றன. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்காக ஒதுக்கப்பட்ட தொகை 3,600 கோடி ரூபாய்.

3,600 கோடி என்று கேட்டதும் சிலருக்குத் தலை சுற்றுகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குப் பத்துக் கோடிக்கும் சற்றுக் குறைவு. அதை அன்றாடப் பயணங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு இருபது ரூபாய்க்குள்தான் அடங்குகிறது. சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்குத் திட்ட மதிப்பீடு 63,246 கோடி, நீளம் 118.9 கிலோமீட்டர். அந்தப் பணத்தில் இந்த மாநிலத்துப் பெண்கள் அனைவருக்கும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் டவுன் பஸ் ஓட்டலாம். மெட்ரோ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெருநகரத்துக்கு அது தேவை. ஆனால் மெட்ரோவில் ஏறுகிறவரைப் பார்த்து யாரும் ‘ஓசி’ என்று சொல்வதில்லை. அந்த வார்த்தை வெள்ளைப் பலகை வண்டியில் ஏறுகிறவளுக்கு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் அதைச் சொல்லி, மாநிலம் முழுக்கக் கண்டனம் எழுந்ததை மறந்திருக்க மாட்டோம். மேடையில் ஒருமுறை சொன்னது செய்தியானது. படிக்கட்டில் நாள்தோறும் சொல்லப்படுவது செய்தியாவதில்லை.

பேருந்தில் யார் ஏறலாம் என்ற கேள்வி நம் மக்களுக்குப் புதிதல்ல. இந்த மாவட்டத்துக்கு அதில் தனி வரலாறே உண்டு. விருதுநகர் அன்றைக்கு ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. தனியார் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிடரை வண்டியில் ஏற்ற மறுத்த காலம் அது. காசு இருந்தாலும் சீட்டு கிடையாது. ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார். உரிமம் போய்விடும் என்ற பயத்தில்தான் கதவு திறந்தது. முதலாளிகளின் மனசு மாறட்டும் என்று காத்திருந்திருந்தால் நம் பாட்டன்மார் இன்னும் நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள்.

பிறகு திமுக ஆட்சியில் பேருந்துகள் அரசுடைமை ஆயின. 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. மதுரை வட்டாரத்தில் டி.வி.எஸ். நிறுவனம் ஓட்டிவந்த வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்கு வந்தன. லாபம் தராத ஊருக்கும் வண்டி போனது. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குக் காக்கிச் சட்டையும், மாதச் சம்பளமும், பிராவிடண்ட் ஃபண்டும் கிடைத்தன. காலனியில் முதல் காரை வீடு கட்டியவர் யாரென்று விசாரித்துப் பாருங்கள். பல ஊர்களில் ஒரு கண்டக்டராகவோ ஒரு வாத்தியாராகவோ இருப்பார்.

ஆனாலும் 1997 வந்தது. விருதுநகர் மாவட்டத்துக்கெனத் தனிப் போக்குவரத்துக் கழகம் உருவாக்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி, கவர்னகிரிக்காரர். சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், மருதுபாண்டியர் என்று எத்தனையோ பெயர்களில் வண்டிகள் ஓடின; எல்லாச் சாதியாரும் ஏறினார்கள், இறங்கினார்கள். இந்த ஒரு பெயர் எழுதிய வண்டியில் ஏற மாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளில் அந்தக் கோடையை நேரில் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முடிவில் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. 1997 ஜூலையில் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்போதுதான். ஒரு தலித் வீரனின் பெயரைப் பொறுக்காதவர்களைத் தண்டிப்பதற்குப் பதில் எல்லாப் பெயரும் அழிக்கப்பட்டன. அதைச் சமத்துவம் என்று சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அதே நாட்களில்தான், 1997 ஜூன் 30-ல், மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றவர்களும் மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வண்டியை மறித்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். தேர்தலில் நின்று வென்ற ஒருவர், மனு கொடுத்துவிட்டு எல்லோரையும்போலச் சீட்டு வாங்கிப் பயணம் செய்தார். பேருந்து எல்லோருக்கும் பொது என்று நம்பித்தான் ஏறினார்.

இவ்வளவையும் பார்த்த மக்களிடம் கட்டணமில்லாப் பேருந்தின் மதிப்பு என்ன என்று கேட்டால், அவர்கள் ரூபாய்க் கணக்கோடு நிறுத்த மாட்டார்கள். ரூபாய்க் கணக்கும் சின்னதல்ல. இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொல்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு அது இரண்டு நாள் கூலிக்கு அருகில் வரும். குழுக்கடன் தவணையில் பாதியை அடைக்கும். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. முன்பு காலனிப் பெண்ணுக்குத் தெரிந்த வேலை, ஊர்க்காரர் தோட்டத்தில் களையெடுப்பும் பருத்தி எடுப்பும்தான். கூலி அவர் சொல்வது. இருபது ரூபாய் கூடக் கேட்டால் ‘நாளையிலிருந்து வராதே’. டவுனுக்குப் போனால் கூலி கூடுதல் என்பது அவளுக்குத் தெரியும். போகவர முப்பது, நாற்பது ரூபாய் பஸ்ஸுக்கே போய்விடும் என்பதால் பேசாமல் இருந்தாள். இன்று அந்தக் கணக்கு மாறிவிட்டது. களைக்கு ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலையும் ஓசி பஸ்ஸும் கெடுத்துவிட்டது என்று டீக்கடையில் புலம்புகிறவர்களின் வயிற்றெரிச்சலில் பாதிக்குக் காரணம் இதுதான்.

சிவகாசிப் பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே பட்டாசு ஆபீஸ்காரர்களே வேன் அனுப்பி ஆள் ஏற்றுகிறார்கள். வேன் இலவசம். ஆனால் அந்த வேனில் ஏறினால் அந்த ஆபீஸுக்குத்தான் போக முடியும். முன்பணம் வாங்கியவள் வேறு இடத்துக்குப் போக நினைத்தாலும் வாசலில் வந்து ஹாரன் அடிப்பது அதே வேன். அரசு வண்டியில் ஏறுகிறவள் எந்த நிறுத்தத்தில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம்.

திட்டத்தின் குறையையும் பேசியாக வேண்டும். அரசு பணம் தருவது சீட்டுக்கு. வண்டி வந்தால்தானே சீட்டு? மாலை ஐந்தரை டிரிப் டிரைவர் இல்லாமல் கட் ஆகிவிட்டால், அன்றைக்கு அவளுடைய இலவசப் பயணம் காகிதத்தில்கூட இல்லை. ஷேர் ஆட்டோவில் இருபதோ முப்பதோ கொடுத்துத்தான் வீடு வருகிறாள். மாதத்தில் எட்டு நாள் இப்படி நடந்தால் மிச்சமான 888-ல் கணிசமான பங்கு ஆட்டோவுக்குப் போய்விடும். எங்கெங்கே டிரிப் கட் ஆகிறது என்பதும் யோசிக்க வேண்டியது. பிரதான சாலையில் ஓடும் வண்டி கட் ஆனால் நாலு பேர் போன் போடுவார்கள், கட்சிக்காரர் டிப்போவுக்குப் போவார். காலனி வரை வந்து திரும்பும் கடைசி டிரிப் நின்றால் கேட்க ஆளில்லை.

நகரப் பேருந்துக்கு மட்டும்தான் சலுகை என்பதும் ஒரு சுவர். புறநகர் வண்டி மட்டும் வந்துபோகும் ஊர்ப் பெண்களுக்கு இந்தத் திட்டமே இல்லை. பேருந்து போகாத கிராமங்களுக்கு என்று 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டம் முழுக்கத் தனியார் வண்டிகளை நம்பியது. அதில் பெண்களுக்கும் கட்டணம் உண்டு. ஆக, பிரதான சாலைக்கு அருகில் இருப்பவளுக்கு இலவசம், உள்ளே தள்ளி இருப்பவளுக்குக் காசு. நம் காலனிகள் எங்கே இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

தொழிலாளர் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. கண்டக்டர் எரிந்து விழுகிறார், டிரைவர் நிறுத்தாமல் போகிறார் என்று நாம் குறை சொல்கிறோம், உண்மைதான். அதே டிரைவர் விடுப்புக் கிடைக்காமல் இரட்டைப் பணி பார்க்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு அகவிலைப்படி உயர்வு ஆண்டுக்கணக்கில் முடக்கி வைக்கப்பட்டது. 2024 ஜனவரியில் பொங்கலுக்கு முன் வேலைநிறுத்தம் வரை போனதற்கு அதுவும், நிரப்பாத காலியிடங்களும் காரணம். மக்களுக்குக் கொடுத்த சலுகையின் பாரம் தொழிலாளியின் பென்ஷனில் இறங்கினால், கோபம் கடைசியில் படிக்கட்டில் நிற்கும் பெண்ணின் மேல்தான் விழும். விழவும் செய்கிறது.

காலியிடம் என்றதும் இன்னொரு கேள்வி வருகிறது. போக்குவரத்துக் கழக வேலை, இடஒதுக்கீடு உள்ள வேலை. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 2025-ல் 3,274 ஓட்டுநர் உடன் நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது நம் பிள்ளைகள் எத்தனை பேர் கனரக லைசென்ஸை எடுத்துத் தூசி தட்டினார்கள் என்பதை நேரில் பார்த்தோம். ஆனால் 2025 ஜூன் இறுதியில் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து கிளம்பிய மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் மட்டுமே மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. ஒப்பந்ததாரர் யாரை வேலைக்கு எடுத்தார், ரோஸ்டர் என்ன என்று யார் கேட்பது? புகையில்லாத வண்டி நல்லது. அதன் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் வேலையில் நம் பங்கு ஆவியாகப் போவதற்கு எந்தச் சுற்றுச்சூழல் காரணமும் கிடையாது. சென்னையில் வந்தது நாளை மதுரைக் கழகத்துக்கும், அதன் விருதுநகர் மண்டலத்துக்கும் வரும். ஒப்பந்தத்திலேயே இடஒதுக்கீட்டை எழுத வேண்டும் என்று இப்போதே கேட்க வேண்டும். வண்டி வந்த பிறகு கேட்டால் ஒப்பந்தம் முடியட்டும் என்பார்கள்.

பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்துக் கர்நாடகத்தில் 2023 ஜூனில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் அந்த நிதியாண்டிலேயே இதையும் சேர்த்து ஐந்து வாக்குறுதித் திட்டங்களுக்காகப் பட்டியல் சாதி, பழங்குடி துணைத் திட்ட நிதியிலிருந்து 11,144 கோடி ரூபாயைக் கணக்கில் காட்டினார்கள். தலித் பெண்களும்தானே பஸ்ஸில் போகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் வாதம். போகிறார்கள்தான். எல்லோருக்குமான பேருந்தில் எல்லோரையும்போலப் போகிறார்கள். அதற்கான செலவு பொதுக் கருவூலத்தின் செலவு. சாலையில் தலித்தும் நடக்கிறான் என்று சாலை போட்ட செலவை ஆதிதிராவிடர் கணக்கில் எழுத ஆரம்பித்தால், விடுதிக்கும் கல்வி உதவித்தொகைக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் என்ன மிஞ்சும்? தமிழ்நாட்டிலும் மகளிர் உரிமைத்தொகையை ஒட்டி 2023-ல் இதே கேள்வி எழுந்தது. 2024-ல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனத் தனிச் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேறியிருக்கிறது. இலவசப் பயணச் செலவில் ஒரு ரூபாய்கூட அந்தச் செயல்திட்டக் கணக்கில் காட்டப்படவில்லை என்பதை அரசு துறைவாரியாக வெளியிட வேண்டும். கேட்காமல் வெளியிட மாட்டார்கள்.

கடைசியாக நிறுத்தம். எங்கள் ஊரில் நிழற்குடை ஊர் மந்தையில் இருந்தது. எங்கள் அம்மா அந்தச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எதிர்ப்பக்கம் புளிய மரத்தடியில் நிற்பாள். வண்டி வந்ததும் ஓடுவாள். ஊர்க்காரர்கள் ஏறி முடித்த பிறகுதான் அவளுக்குப் படி. பல நாள் அதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். காலனி முகப்பில் நிறுத்தச் சொல்லி அப்பா ஒரு மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். ‘ஐந்நூறு மீட்டருக்குள் ரெண்டு ஸ்டாப்பிங் தர முடியாது’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதே வழித்தடத்தில் ஒரு ரைஸ்மில் வாசலில் வண்டி நின்று போகும். இது எண்பதுகளின் கதை. இப்போது மந்தையில் புது நிழற்குடை கட்டியிருக்கிறார்கள், டைல்ஸ் போட்டு. காலனிப் பெண்கள் இன்றும் மரத்தடியில்தான் நிற்கிறார்கள். யாரும் தடுக்கவில்லையே, அவர்களாகத்தானே அங்கே நிற்கிறார்கள் என்று கேட்பவர்கள், ஒரு நாள் அந்தப் பெஞ்சில் அவர்களோடு போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. பொது வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமை காரணமாகத் தடுப்பது 1955-ம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 4-ம் பிரிவின்படி குற்றம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தமும் பொது வாகனத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காலனி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப்போவதை ‘லேட் ஆகிவிட்டது’ என்று ஒரு மெமோவோடு முடித்துவிடுகிறார்கள். ஒரே நிறுத்தம், ஒரே டிரிப், மாதக்கணக்காக விடுபடுகிறது என்றால் அதற்குப் பெயர் தாமதம் அல்ல. தேதி, நேரம், வண்டி எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க நம் பெண் பிள்ளைகளால் முடியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தானே அந்த வண்டிக்கு நிற்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் எத்தனை காலனிகளுக்கு நகரப் பேருந்து வருகிறது, எத்தனை காலனிகளின் முகப்பில் அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தம் உண்டு, கடந்த ஆறு மாதத்தில் எந்த வழித்தடத்தில் எத்தனை டிரிப் கட் ஆனது என்ற மூன்று விவரங்களையும் போக்குவரத்துக் கழக மண்டல அலுவலகம் ஊராட்சி வாரியாகத் தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் செலவாகும். கிராம சபை கூடும் நாட்களில் நவம்பர் 1-ம் ஒன்று. காலனி முகப்பில் நிறுத்தம் வேண்டும் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, நகல் வாங்கிக்கொண்டு, அதற்கு அடுத்த திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். போவதற்கு வெள்ளைப் பலகை வண்டி இருக்கிறது. திரும்பி வரும் கடைசி டிரிப் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் போகும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.